சிறுதீ

உணவைப் பற்றி எழுதுவது புலமைக்கு ஏற்ற செயலன்று எனக் கருதுவோர் நம்மிடையே உளர். அதிலும் பன்றியின் விலா எலும்பை மெத்தென வேகவைப்பது எப்படி என்பதைத் தமிழாசிரியர்களும் மாணாக்கரும் படிக்கும் தொகுப்பில் எழுதினால் முகம் சுளிப்போரும் இருக்கக்கூடும். ஆயினும் பத்துப்பாட்டைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் எவரும் இப்பொருளை முற்றாக ஒதுக்கிவிட இயலாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் நாடிச் செல்லும் பாணனுக்கு வழியில் கிடைக்கும் உணவுகள் நிலந்தோறும் வகைப்படுத்திச் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டி, பெண் பன்றியோடு சேரவிடாமல் வளர்த்த ஆண் பன்றியின் கொழுத்த ஊன். அடுப்பில் ஏற்றும் பொழுது மட்டுமன்றி, வளர்க்கும் பொழுதே ஊனின் பதத்தைப் பற்றி எண்ணிய மக்கள் அன்று வாழ்ந்தனர் என்பது அதனால் விளங்கும்.

அதே புலவர் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடக்கும் பொருள்களை அடுக்கிச் சொல்கிறார். தரைவழியே வண்டிகளில் வந்த மிளகு மூடைகள் அவற்றுள் அடங்கும். மிளகுக்கு அப்பாடலில் வழங்கும் பெயர் ‘கறி’ என்பதாகும். இன்று இறைச்சியையும் குழம்பையும் சுட்டும் அச்சொல், அன்று மலைச்சாரலில் படர்ந்த கொடியின் காயைச் சுட்டியது. மிளகும் ஊனும் ஒரே சொல்லில் குடியேறிய வரலாறு தமிழுக்கு உண்டு. அவ்விரண்டும் ஒரே பானையில் குடியேறிய வரலாறு சிங்கப்பூருக்கு உண்டு. அப்பானையின் பெயர் பாக் குட் தே.

ஹொக்கியன், தியோச்சியூ மொழிகளில் இப்பெயருக்கு ‘இறைச்சி எலும்புத் தேநீர்’ என்பது பொருள். பெயரில் தேநீர் இருப்பினும் பானைக்குள் தேயிலை இடுவதில்லை. கொழுப்புள்ள சாற்றைக் குடித்தபின் சிறு கிண்ணங்களில் சூடான சீனத் தேநீர் அருந்துவது வழக்கம். தியோச்சியூ மக்கள் வைப்பது தெளிந்த சாறு. உரிக்காத பூண்டும் வெண்மிளகும் அதன் உயிர். ஹொக்கியன் மக்கள் வைப்பது கறுத்த சாறு. அதில் மருந்து வேர்களும் கருஞ்சோயாவும் சேரும். மலேசியாவின் கிள்ளான் நகரம் இரண்டாவது வகைக்குப் பெயர் பெற்றது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மலேசிய அரசு பாக் குட் தேயைத் தன் மரபுரிமை உணவுகளுள் ஒன்றாக அறிவித்தது. இருபுறத்தாரும் ‘எமது’ என்று உரிமை கொண்டாடும் அளவுக்கு ஓர் எலும்புச் சாறு உயர்ந்துவிட்டது.

சிங்கப்பூரில் இச்சாற்றின் கதை ஆற்றங்கரையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிப் படகுகளில் ஏற்றிக் கரை சேர்க்கும் தொழிலில் தொடக்க காலத்தில் தமிழ் முஸ்லிம் படகோட்டிகள் முன்னின்றனர். பின்னர் அத்தொழில் பெரும்பாலும் சீனர் கைக்கு மாறியது. நெல்மூட்டை சுமந்த முதுகுகள் போட் கீ, கிளார்க் கீ கரைகளில் இரு மொழிகளில் பெருமூச்சு விட்டன. சிங்கப்பூரின் உட்பகுதிகளில் தியோச்சியூ மக்கள் கேம்பியர்ச் செடியும் மிளகுக் கொடியும் பயிரிட்டனர். கேம்பியர் இலையைக் காய்ச்சி எடுத்தபின் எஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரமாயிற்று. அத்தோட்டங்களால் பெருஞ்செல்வரான சியா இயூ சின் 1845இல் நீ ஆன் கொங்சியைத் தோற்றுவித்தார். மலையாளக் கரையில் பிறந்த கொடி தென்சீனக் குடியேறிகளின் கையில் தழைத்து, அவர்களுடைய எலும்புச் சாற்றுக்குக் காரம் ஊட்டிற்று. இன்று அப்பானையில் விழும் மிளகு பெரும்பாலும் சரவாக்கிலிருந்து வருவது.

இவ்வளவையும் அறிந்த தமிழர் பலர் இச்சாற்றைச் சுவைத்ததில்லை. சுவைக்க விரும்புவதுமில்லை. அதற்கு அவர்களுக்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களுக்கும் பசிக்கும் இடையே ஒரு மூதாட்டி சில ஆண்டுகளுக்கு முன் எவ்வாறு வழி கண்டார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அவர் வாழ்வது தேக்காவை அடுத்த அடுக்குமாடி வீடொன்றில். அவருடைய சமையலறையின் கிழக்குச் சுவரில் முருகன் படமும் அதன் கீழே சிறு விளக்கும் உண்டு. வெள்ளிக்கிழமைகளிலும் கார்த்திகையிலும் அவ்வீட்டில் மரக்கறி உணவே. ஞாயிறுகளில் ஆட்டிறைச்சி. பன்றியிறைச்சி அவ்வீட்டு வாசற்படியைக் கடந்ததில்லை. தேக்கா நிலையத்துச் சந்தையில் ஒரே கூரையின் கீழ் வாழையிலையும் மீனும் ஆட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் விற்கப்படுகின்றன. நாற்பது ஆண்டுகள் அச்சந்தைக்குச் சென்று வந்தவர் அவர். பன்றியிறைச்சிக் கடைகள் உள்ள வரிசைப்பக்கம் அவர் கால் திரும்பியதே இல்லை.

அச்சந்தையின் பெயர் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1915இல் எழுந்த பழைய சந்தையை மலாயில் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டில் என அழைத்தனர். சீனர் வழக்கில் அவ்விடம் ‘தேக் கா’. மூங்கில் அடி என்பது அதன் பொருள். புதிய கட்டடம் 1982இல் திறக்கப்பட்டபொழுது மாண்டரின் ஒலிப்புப்படி ‘ஜூஜியாவ் நிலையம்’ என்று பெயரிட்டனர். அப்பெயரைத் தொனி மாற்றிச் சொன்னால் பன்றிக்கால் என்று பொருள்படும். மக்கள் நாவில் அது ஒட்டவில்லை. 2000ஆம் ஆண்டு ‘தேக்கா’ என்ற பெயரே மீண்டது.

அம்மூதாட்டியின் மகன் தியோச்சியூப் பெண்ணொருத்தியை மணந்தான். மருமகள் இரண்டாண்டுகளில் தமிழ் பேசக் கற்றாள். ரசமும் தோசையும் விரும்பி உண்டாள். தனக்குப் பழகிய உணவைத் தாய் வீட்டுக்குச் செல்லும்போது உண்டு வந்தாள். இருவருக்கும் இடையே அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. அப்பெண் கருவுற்றிருந்த ஏழாம் திங்களில் அவளுடைய தாய் காலமானார். குழந்தை பிறந்து வீடு திரும்பியவள் சரிவர உண்ணவில்லை. மாமியார் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் சுறாப் புட்டும் மாறி மாறிச் செய்தளித்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு கவளம் உண்டு தட்டை நகர்த்தினாள். வற்புறுத்திக் கேட்டபோதுதான், “அத்தை, அம்மா வைக்கும் எலும்புச் சாறு நினைவாகவே இருக்கிறது” என்றாள். கடையில் வாங்கித் தருவதாகக் கணவன் சொன்னான். வாங்கியும் வந்தான். அவள் நன்றி சொல்லிச் சிறிது குடித்தாள். பசித்தவள் குடிக்கும் விதமாக அது இல்லை.

அன்றிரவு மூதாட்டி உறங்கவில்லை. முருகன் படத்தின் கீழ் அவ்வுணவு வேகலாமா என்பது ஒரு வினா. தாயை இழந்த பிள்ளைத்தாய்ச்சி பட்டினி கிடக்கலாமா என்பது மற்றொரு வினா. விடியுமுன் அவர் முடிவு செய்தார். சமையலறைக்கு வெளியே துணி துவைக்கும் இடத்தில் ஒரு மின்னடுப்பு. அதற்கென்று ஒரு மண்பானை, ஓர் அகப்பை, ஒரு வெட்டுப்பலகை. அவை வீட்டின் மற்றப் பாத்திரங்களோடு சேரா. வாரந்தோறும் வந்து தேநீர் அருந்தும் எதிர்வீட்டு மலாய்த் தோழியிடம் இதை முதலில் அவரே சொல்லிவிட்டார். தோழி சிரித்து, “சொன்னதே போதும்” என்றார். அந்நாள் முதல் அவருக்குரிய தேநீர்க் குவளை தனி அலமாரியில் இடம் பெற்றது.

முதல் முயற்சி பயனளிக்கவில்லை. ஆட்டுக்கறி சமைத்த பழக்கத்தில் தீயை உயர்த்திக் கொதிக்கக் கொதிக்க முக்கால் மணி நேரம் வேகவைத்தார். சாறு கலங்கி நுரைத்தது. இறைச்சியோ இழை இழையாய்க் காய்ந்து எலும்பை விடாமல் பற்றிக்கொண்டது. மருமகள் குறை கூறாமல் நெடுநேரம் மென்றாள். அந்தப் பொறுமை மூதாட்டியை வருத்தியது.

மறுநாள் அவர் சந்தைக்குச் சென்று, இறைச்சி வாங்கிய கடையின் முன் நின்றார். கடைக்காரர் எழுபதை நெருங்கிய சீனர். இருவருக்கும் பொதுவான மொழி சந்தை மலாய். “தவுக்கே, இறைச்சி ஏன் கல்லாகிறது?” என்று கேட்டார். எப்படி வைத்தீர் என்று அவர் திரும்பக் கேட்டார். கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்து, விரல்களைக் குவித்துத் தாழ்த்திக் காட்டி, “அப்பி கெச்சில், லாமா லாமா” என்றார். சிறுதீ, நெடுநேரம் என்பது அதன் பொருள். நான்கு சொற்களில் ஒரு சமையல் நூல் அடங்கிவிட்டது.

அச்சொற்களின் உண்மையை அறிவியலும் உறுதி செய்கிறது. விலாப்பகுதித் தசைகள் மூச்சு விடுந்தோறும் அசைபவை. ஓயாது உழைக்கும் தசையில் அதனைப் பிணைக்கும் திசுவும் மிகுதி. அத்திசுவின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடக்கும்போது தசையிழைகள் சுருங்கி நீரை வெளியேற்றுகின்றன. கொலாஜனும் முதலில் சுருங்கி இறுகுகிறது. பாதி வெந்த எலும்புக்கறி பச்சையைவிடக் கடினமாய் இருப்பதன் காரணம் இதுவே. 70 பாகைக்கு மேல், நீரோடு நெடுநேரம் இருக்கும்போது அதே கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. இழைகளுக்கு இடையே அது வழவழப்பாய்ப் பரவுவதால் இறைச்சி மெத்தெனப் படுகிறது. இம்மாற்றத்துக்குக் காலம் தேவை. தீயைக் கூட்டினால் காலம் ஓரளவு குறையும். ஆனால் இழைகள் அதற்குள் வறண்டுவிடும். கொந்தளிக்கும் நீர் கொழுப்பைச் சிதறடித்துச் சாற்றையும் கலக்கிவிடும்.

மூதாட்டி பின்னர் கையாண்ட முறை எளிது. ஒரு கிலோ விலா எலும்பைக் கடைக்காரரிடமே இரண்டு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி வாங்கினார். எலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை, ஓர் ஓரத்தைக் கத்தி முனையால் நெம்பி, துணியால் பற்றி உரித்தெடுத்தார். அச்சவ்வு எவ்வளவு வெந்தாலும் இளகாது. பிறகு துண்டுகளைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் இட்டு, அழுக்கு நுரை வந்ததும் நீரைக் கொட்டிக் கழுவினார். மண்பானையில் இரண்டு லிட்டர் நீர், முழுப் பூண்டு இரண்டு, ஒன்றிரண்டாகத் தட்டிய வெண்மிளகு இரண்டு மேசைக்கரண்டி. நீர் கொதி கண்டதும் தீயைத் தணித்துவிட வேண்டும். நீர்ப்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் குமிழி எழுவதே உரிய அடையாளம். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் அந்நிலை நீடிக்க வேண்டும். எலும்பின் நுனியிலிருந்து சதை பின்வாங்கி, குச்சியால் குத்தினால் தடையின்றி இறங்கினால் பதம் வந்துவிட்டது. உப்பும் சிறிது சோயாவும் கடைசியில். அழுத்தச் சமையற்கலத்தில் வெப்பம் 120 பாகையை எட்டுவதால் அரைமணி நேரத்தில் இப்பணி முடியும். சாறு அந்தளவு தெளிவாய் அமையாது.

இம்முறையில் ஒரு பெரிய இடர் இருந்தது. சமைப்பவர் சுவைத்துப் பார்க்க இயலாது. தான் உண்ணாத ஒன்றைத் தான் சமைக்கிறார். நாவின் துணையின்றிப் பானையைக் காக்க வேண்டும். ஆனால் அது அவருக்குப் புதிதன்று. இறைவனுக்குப் படைக்கும் பொங்கலையும் சுண்டலையும் முன்கூட்டிச் சுவைத்துப் பாராமல் சமைத்துப் பழகிய கை அது. பார்வையும் மணமும் கைக்கணக்கும் அவருக்குப் போதுமாயிருந்தன. உப்புக்கு மட்டும் மருமகளை அழைத்தார். “கண்ணு, உப்புப் பார்.” படுக்கையிலிருந்து எழாதவள் அடுப்படி வரை வந்தாள். கரண்டியை வாங்கி ஊதிக் குடித்துச் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அம்மா இன்னும் கொஞ்சம் காரம் போடுவாங்க, அத்தை” என்றாள்.

அடுத்த முறை மிளகு மூன்று கரண்டியாயிற்று. அதற்கடுத்த முறை மிளகை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துத் தட்டினார். அது ரசத்துக்கு அவர் செய்யும் பக்குவம். மருமகள் சோற்றில் சாற்றை ஊற்றி, எலும்பைக் கையில் எடுத்து, நறுக்கிய மிளகாய் மிதக்கும் கருஞ்சோயாவில் தோய்த்து உண்டாள். அவள் தாயின் சாறு முழுமையாய் மீண்டதா என்று எவரும் கேட்கவில்லை. தட்டு காலியாயிற்று. மூன்றாம் வாரத்தில் அவளே பானையருகே அமர்ந்து, தன் தாய் பூண்டை ஏன் உரிக்காமல் போடுவார், எந்தக் கடையில் மிளகு வாங்குவார் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினாள். இழவுக்குப் பின் அவள் தன் தாயைப் பற்றித் தடையின்றிப் பேசியது அப்பொழுதுதான்.

புலால் மறுத்தலைத் திருக்குறள் 26ஆம் அதிகாரமாக வைத்து வலியுறுத்துகிறதே, அதற்கு என்ன விடை என்று மாணாக்கர் கேட்கலாம். கேட்க வேண்டிய வினாதான். அவ்வதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது என்பது ஒருபுறம் இருக்க, அதன் அறத்தை இல்லறத்தில் ஏற்று வாழ்வோரும் தமிழரிடையே பலர். இஸ்லாமியருக்கு இவ்விறைச்சி விலக்கப்பட்டது. இந்துக்களுள் உண்போரும் உண்டு, தொடாதோரும் உண்டு. குடகு நாட்டில் கச்சம்புளி இட்டும், இலங்கையில் கொறக்காப்புளி இட்டும், கோவாவில் காடியும் பூண்டும் இட்டும் பன்றிக்கறி சமைக்கும் குடும்பங்கள் உள்ளன. எல்லோரும் எல்லாவற்றையும் உண்ண வேண்டும் என்பது நல்லிணக்கம் ஆகாது. அம்மூதாட்டி இன்றுவரை அச்சாற்றில் ஒரு துளி அருந்தியதில்லை. அருந்துமாறு மருமகள் கேட்டதுமில்லை. தனக்கு ஆகாததைப் பிறர்க்கு ஆக்கித் தருவதும், அதனை ஏற்பவர் அளிப்பவரின் விலக்கை மதிப்பதும் ஒரே வீட்டில் நிகழ்ந்தன.

தட்டில் விழும் எலும்புக்குப் பின்னால் உள்ள உழைப்பையும் மறத்தலாகாது. பொங்கோல் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் நிறைந்திருந்தன. நீர்நிலைகளின் தூய்மையும் நிலப் பற்றாக்குறையும் கருதி, 1984இல் அரசு அவற்றைப் படிப்படியாய் மூட முடிவு செய்தது. 1990க்குள் அவை மறைந்தன. பின்னர் அண்டை நாடுகளிலிருந்து பன்றிகள் வந்தன. 1999 மார்ச்சு மாதத்தில் மலேசியாவில் பரவிய நிப்பா நோய்க்கிருமி, இறக்குமதிப் பன்றிகள் வழியாக ஜூரோங் இறைச்சிக்கூடத் தொழிலாளரையும் தாக்கியது. பதினொருவர் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். மலேசியாவிலோ நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. சந்தையில் ‘சிறுதீ’ என்று வழி சொன்ன கடைக்காரரைப் போன்ற பலரின் பிழைப்பு அந்நாள்களில் முடங்கிக் கிடந்தது. உண்பவர் எவராயினும், உண்ணாதவர் எவராயினும், அத்தொழிலாளரை இழிவாய் நோக்க உரிமை உடையவர் எவருமிலர்.

ஆசிரியப் பயிற்சியில் ‘விரைந்து கற்பித்தல்’ பற்றி நிறையப் பேசப்படுகிறது. தேர்வு நெருங்கும்போது தீயை உயர்த்துவது எளிது. பாடங்கள் கொதிக்கும், நுரை பொங்கும், ஏடுகள் நிரம்பும். ஆயினும் வீட்டில் தமிழ் பேசாத ஒரு பிள்ளையின் நாவில் இம்மொழி இளகிப் படிய வேண்டுமாயின் குறுக்கு வழி இல்லை. பாதியில் சோதித்துப் பார்ப்பவர்க்கு அப்பிள்ளை முன்னினும் கடினமாய்த் தோன்றும். அது இறுகும் பருவம். அப்பருவத்தில் அடுப்பை அணைத்துவிடுவோரே நம்மில் மிகுதி. குமிழிகள் மெல்ல எழும் அளவில் தீயை வைத்துக்கொண்டு, பக்கத்தில் அமர்ந்து காத்திருப்பதற்கும் பயிற்சி வேண்டும்.

மருமகளின் குழந்தை இப்பொழுது தொடக்கநிலைப் பள்ளியில் தமிழ் படிக்கிறது. வீட்டில் எலும்புச் சாறு வேகும் நாளில், பாட்டியிடம் மணத்தைக் கேட்டும் தாயிடம் உப்பைக் கேட்டும் இரண்டு மொழியில் விடை பெறுகிறது. பாட்டி சொல்லித் தந்து ‘கறி’ என்று எழுதவும் கற்றுவிட்டது. அச்சொல் முன்னாளில் மிளகைக் குறித்தது என்பதை அக்குழந்தைக்கு ஒருநாள் சொல்லித் தர வேண்டியது வகுப்பறையின் கடமை.